ஆறாவது நாற்காலியும் ஒரு பட்டர் பலகையும்

1

பட்டரை ஒரு மரப்பலகையில் பூசி, எல்லோரும் சுற்றி உட்கார்ந்து, பிரெட் என்கிற பாண் துண்டால் வழித்துச் சாப்பிடுவதற்கு இந்த ஊரில் விருந்து என்று பெயர். இலங்கையில், எங்கள் ஹட்டன் பஸ் நிலையத்தில் நின்று இதைச் சொன்னால் என்னை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். ஆனாலும் போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நியூசிலாந்தில், ஹமில்டன் நகரத்தில், என் வீட்டு மேசையில் என் கையாலேயே அதைச் செய்து வைத்தேன். நான் இங்கே வந்து இருபது வருடத்துக்கு மேலாகிறது. இந்த நாட்டுக்காரர்கள் பட்டரை எதில் பூசினாலும் ஆச்சரியப்படுவதை நான் எப்போதோ நிறுத்திவிட்டேன்.

யோசனை என் மகள் மேனகாவுடையது. ஒரே மகள். இருபத்தெட்டு வயது, பள்ளிக்கூட ஆசிரியை, இதே நகரத்தில் தனி வீட்டில் இருக்கிறாள். டேனியல் என்ற பையனைக் கட்டிக்கொள்ளப் போகிறாள். அவனுடைய அப்பாவும் அம்மாவும் ஒரு மணி நேரப் பயணத்தில் பால்பண்ணை வைத்திருக்கிறார்கள். அவர்கள் எங்கள் வீட்டுக்கு முதல் தடவையாக மத்தியானச் சாப்பாட்டுக்கு வருவதாக முடிவாயிற்று. என் மனைவி செல்வி ராகலைக்காரி. சம்பந்தி வருகிறார்கள் என்றதும் கோழிக்கறி, பருப்பு, வடை, பாயசம் என்று விரலை மடக்க ஆரம்பித்துவிட்டாள்.

மேனகா தொலைபேசியில் ஒரே போடாகப் போட்டாள்.

"கறியெல்லாம் வேணாம்மா. கறி வச்சா அப்பா கரண்டியத் தூக்கிருவாரு. பட்டர் போர்ட் செய்வோம். அதுல பரிமாற ஒண்ணுமே இல்ல. எல்லாரும் ஒக்காந்து அவங்கவங்களே எடுத்துக்கணும்."

செல்வி தொலைபேசியை என் காதில் வைத்தாள். பிறகு மேனகா தமிழில், மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"அப்பா, நீங்க ஒக்காரணும். அவங்களோட சேந்து சாப்பிடணும். இந்தத் தடவையும் நீங்க செவத்தோரமா நின்னீங்கன்னா, நான் இனிமே யாரையும் வீட்டுக்குக் கூட்டிட்டு வர மாட்டேன். கோவத்துல சொல்லலப்பா. என்னால பாக்க முடியல."

சரி என்றேன். ஆங்கிலத்தில் என்றால் நான் ஏதாவது மழுப்பியிருப்பேன். அவள் இப்போதெல்லாம் என்னிடம் தமிழில் பேசுவது மிக முக்கியமான விஷயத்துக்கு மட்டும்தான்.

2

நான் ஏன் நிற்கிறேன் என்று சொல்ல வேண்டும்.

நோட்டன் பிரிட்ஜுக்கு மேலே இருக்கிற ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன் நான். அம்மா கொழுந்து எடுத்தார். அப்பா பெரிய துரை பங்களாவில் வேலை. சமைப்பது, மேசை வைப்பது, பரிமாறுவது எல்லாம் அவர்தான். தோட்டத்தில் சின்னவர் பெரியவர் எல்லோரும் அவரை 'பங்களா அப்பு' என்றே கூப்பிட்டார்கள். துரைக்கு விருந்தாளிகள் வந்தால் அப்பா வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு, இடது தோளில் ஒரு வெள்ளைத் துணியை மடித்துப் போட்டுக்கொண்டு, நாற்காலிகளுக்குப் பின்னால் சுவரில் முதுகு படாமல் நிற்பார். பத்து வயதில் ஏதோ செய்தி சொல்லப் போனபோது, சமையலறைக் கதவின் இடுக்கு வழியாகப் பார்த்திருக்கிறேன். கறி எடுத்து வைப்பதற்கு மட்டும் அசைவார். மற்ற நேரம் ஆள் இருப்பதே தெரியாது.

அந்தப் பங்களாவில்தான் பட்டரை முதலில் பார்த்தேன். வரி வரியாகக் கோடு வெட்டிய இரண்டு மரத்தட்டைகளை ஐஸ் தண்ணீரில் நனைத்து, நடுவில் பட்டர்த் துண்டை வைத்து உருட்டுவார் அப்பா. பாக்கு அளவில், கோடு போட்ட உருண்டையாக வரும். ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் இருபது முப்பது அடுக்குவார். அந்தப் பட்டர் நியூசிலாந்திலிருந்து வருகிறது என்று ஒருமுறை சொன்னார். அப்போது அது எனக்கு நிலாவிலிருந்து வருகிறது என்பது மாதிரிதான்.

அப்பா நாங்கள் இருந்த வரிசை வீடான லயத்துக்குத் திரும்பும்போது கையெல்லாம் பட்டர் வாசம் வீசும்.

"கைய கழுவிட்டு உள்ள வாங்க, புள்ள மோப்பம் புடிக்குது" என்பார் அம்மா.

ஒரு நாள் கேட்டே விட்டேன். ஒரே ஒரு உருண்டை கொண்டுவந்தால் என்ன?

"அது நம்ம சாமான் இல்லடா" என்றார் அப்பா. அடிக்கவில்லை, அதட்டவில்லை. தேத்தண்ணி வேண்டுமா என்று கேட்பது மாதிரிச் சாதாரணமாகச் சொன்னார். அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை. பாணுக்கு எங்கள் வீட்டில் கட்டச்சம்பல்தான். அதாவது காய்ந்த மிளகாயும் வெங்காயமும் உப்பும் அம்மியில் அரைத்து, தேசிக்காய் என்கிற எலுமிச்சை பிழிந்தது. அதை இன்றைக்கும் நான் எதற்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அப்பா உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை. லயத்திலும் நின்றுகொண்டுதான் சாப்பிடுவார். நாங்கள் எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு, தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, அடுப்பு மூலையில். கோயில் திருவிழாப் பந்தியில் வாளி தூக்கிக்கொண்டு போகிறவர் அவராகத்தான் இருப்பார். "சாப்பிடுறவங்க வயிறு நெறஞ்ச பெறகுதான் நம்ம வயிறு" என்பார். அது வேலையா, குணமா என்று பிரித்துப் பார்க்க அவருக்கே தெரிந்திருக்காது.

இந்த நாட்டில் குடியேற விண்ணப்பம் போட்டபோது என் பிறப்புச் சான்றிதழை மொழிபெயர்க்கக் கொடுத்தேன். அது சிங்களத்தில் இருந்தது. அப்பாவின் தொழில் என்ற இடத்தில் 'கம்கரு' என்று எழுதியிருந்தது. கூலியாள் என்று மொழிபெயர்த்துக் கொடுத்தார்கள். அவர் சமையல்காரர், மேசை வைப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது என்று அந்த அலுவலகப் பெண்ணிடம் சிங்களத்தில் விளக்கினேன். பத்திரத்தில் உள்ளதைத்தான் எழுத முடியும், மாத்தயா என்று மரியாதையாகவே சொன்னாள். அவள் சொன்னதும் சரிதான். இங்கே வந்தவுடன் முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் எனக்கு வேலை கிடைத்தது. தட்டு கொண்டு போவது, எடுத்து வருவது. பரிசோதனைக் காலம் முடியும் முன்பே நிரந்தரமாக்கினார்கள். எங்கே கற்றுக்கொண்டாய் என்று கேட்டார்கள். கதவு இடுக்கில் என்று எப்படிச் சொல்வது?

இன்றைக்கும் வேலையிடத்தில் என் மத்தியானச் சாப்பாட்டைக் கழுவுதொட்டி ஓரமாக நின்றுகொண்டுதான் சாப்பிடுகிறேன். வீட்டிலும் அப்படித்தான். மேனகா பிறந்ததிலிருந்து பார்க்கிறாள்.

3

சண்டை வந்தது போன வருடம், ஊரில் வைத்து.

மூன்று பேரும் இலங்கைக்குப் போயிருந்தோம். அந்தப் பங்களா இப்போது சுற்றுலாப் பயணிகள் தங்கும் விடுதி. மேனகா பிறக்கும் முன்பே அப்பா இறந்துவிட்டார். தாத்தா வேலை செய்த இடத்தைப் பார்க்க வேண்டும், வாசலில் நின்று அல்ல, உள்ளே போய் மேசையில் உட்கார்ந்து தேத்தண்ணி குடிக்க வேண்டும் என்று மேனகா ஒற்றைக்காலில் நின்றாள். இணையத்தில் பதிவு செய்தவளும் அவள்தான்.

அதே சாப்பாட்டு அறை. தரைப்பலகை கூட அதேதான். உட்காரவும் செய்தேன், ஆனால் பாதி நாற்காலியில். பரிமாறியவருக்கு என் வயது இருக்கும். பாண் வாட்டிக் கொண்டுவந்தார், கூடவே பட்டர். கோடு போட்ட உருண்டை இல்லை. காகிதம் சுற்றிய சின்னச் சின்னக் கட்டிகள். அந்த மனிதர் என் பின்னால் போய் நின்றார். எனக்கு முதுகு குறுகுறுத்தது. பாணைத் தொட முடியவில்லை.

தேத்தண்ணி முடிந்ததும் என்ன நினைத்தேனோ தெரியாது. எழுந்தேன். மூன்று கோப்பைகளையும் தட்டில் அடுக்கினேன். இடது பக்கக் கதவை முழங்கையால் தள்ளிக்கொண்டு சமையலறைக்குப் போய், கழுவ ஆரம்பித்துவிட்டேன்.

அந்த மனிதர் பின்னாலேயே ஓடி வந்தார்.

"வையுங்க சேர், வையுங்க! நான் எடுப்பேன்ல. ஆமா, இந்தக் கதவு ஒங்களுக்கு எப்பிடிங்க தெரியும்?"

"எங்கப்பா இங்க அப்புவா இருந்தாருங்க."

அவர் என் கையிலிருந்த கோப்பையைப் பிடுங்கிக்கொண்டார்.

"அப்படீன்னா நீங்க கட்டாயம் போயி ஒக்காரணும்ங்க" என்றார்.

நான் போகவில்லை. அவர் ஊற்றிக் கொடுத்த இன்னொரு தேத்தண்ணியை அங்கேயே நின்று குடித்தேன். எனக்கு அதுதான் நிம்மதியாக இருந்தது, உண்மையைச் சொல்கிறேன். வெளியே வந்தபோது செல்வி சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். மேனகா அழுதுகொண்டிருந்தாள்.

வேனில் ஹட்டன் வரும்வரை மேனகா கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தாள். பிறகு ஆங்கிலத்தில் கொட்டித் தீர்த்தாள். தாத்தா நின்றார், அவருக்கு வேறு வழி இல்லை. உங்களுக்கு யார் நிற்கச் சொன்னார்கள்? என் சிநேகிதிகள் வீட்டுக்கு வந்த ஒவ்வொரு பிறந்த நாளிலும் நீங்கள் சுவரோரம் நின்றீர்கள். அவர்கள் உங்களை யார் என்று என்னிடம் கேட்டிருக்கிறார்கள், தெரியுமா?

தெரியாது. அது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். வலித்தது. அவளுக்கு எத்தனை வருடம் வலித்திருக்கும் என்று யோசித்தபோது இன்னும் வலித்தது.

திரும்பி வந்த பிறகு அவள் வீட்டுக்கு வருவது குறைந்தது. வந்தாலும் சாப்பாட்டு நேரத்துக்கு வரமாட்டாள். டேனியலை எங்கள் வீட்டில் சாப்பிட அழைத்து வந்ததே இல்லை. வெளியே கடையில்தான் சந்தித்தோம். அங்கே வேறு ஆள் பரிமாறுவார்கள் அல்லவா?

4

இனி செய்முறை. கேட்டு எழுதப் போகிறவர்கள் இருப்பீர்கள். சிரமமே இல்லை, குறிப்பைப் படித்துவிட்டுச் சிரிக்காமல் இருப்பதுதான் சிரமம்.

ஆறு பேருக்கு உப்பில்லாத பட்டர் அரைக் கிலோ கட்டியில் பாதிக்குக் கொஞ்சம் மேலே போதும். இரண்டு மணி நேரம் முன்னதாகக் குளிர்பெட்டியிலிருந்து வெளியே எடுத்து வைக்க வேண்டும். நுவரெலியாவில் என்றால் அடுப்புப் பக்கம் வையுங்கள், இல்லாவிட்டால் சாயந்திரம் வரை கல்லாகத்தான் இருக்கும். உருகக் கூடாது, விரல் வைத்தால் பள்ளம் விழ வேண்டும். அந்தப் பதத்தில் பலகையில் போட்டு, கரண்டி முதுகால் இழுத்து இழுத்துப் பூச வேண்டும். வழுவழுவென்று தேய்க்கக் கூடாது. மேடும் பள்ளமுமாக இருந்தால்தான் மேலே போடுவது அதில் தங்கும்.

பலகை விஷயத்தில் நான் ஒரு தப்புப் பண்ணினேன். ஒத்திகை பார்த்த அன்று, வெங்காயம் நறுக்குகிற பலகையிலேயே பூசிவிட்டேன். பட்டர் எந்த வாசத்தையும் சும்மா விடாது, எல்லாவற்றையும் உறிஞ்சிக்கொள்ளும். மறுநாள் புதுப் பலகை வாங்கிவந்து, உப்பும் தேசிக்காய் மூடியும் போட்டுத் தேய்த்துக் காய வைத்தேன்.

மேலே என்ன போடுவது என்பதற்கு ஒரு பெரிய வாக்குவாதம் நடந்தது. மேனகா அனுப்பிய படத்தில் ஏதோ பூவெல்லாம் தூவியிருந்தது. செல்வி பார்த்துவிட்டு, "பட்டருக்கு எதுக்குங்க மால மரியாதை?" என்றாள். கடைசியில் பலகையை மூன்றாகப் பிரித்தோம். ஒரு பக்கம் கட்டச்சம்பல், கொஞ்சம் காரம் குறைத்து. நடுவில் தணலில் சுட்ட பூண்டும் எண்ணெயில் பொரித்த கறிவேப்பிலையும் இடித்த மிளகும். மறு பக்கம் இனிப்புப் பாகான கித்துள் பாணியை நூலாக ஊற்றி, மேலே கல்லுப்பு. தொட்டுக்கொள்ளப் பாண் மட்டுமில்லை, தேங்காய் ரொட்டியும். செல்வி சுடச் சுட எடுத்து, முக்கோணமாக வெட்டித் துணியில் சுற்றி வைத்தாள்.

கித்துள் பாணியும் உப்பும் பட்டரும் ஒன்றாக நாக்கில் பட்டால் எப்படி இருக்கும் என்று ஒத்திகையன்று ஒரு துண்டு எடுத்துப் பார்த்தேன். இந்த வயதில் அப்பா மேல் கோபம் வந்தது. ஒரே ஒரு உருண்டை கொண்டுவந்திருக்கலாம்.

5

ஞாயிறு காலை மேனகா முதலில் வந்துவிட்டாள். மேசையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தாள்.

"அப்பா, எத்தன பேரு?"

"ஆறு."

"நாக்காலி?"

எண்ணிப் பார்த்தேன். ஐந்து. எங்களிடம் ஆறு நாற்காலி உண்டு. ஆறாவதை முதல்நாள் நானே தூக்கிக் கொண்டுபோய்க் காரேஜில் வைத்திருக்கிறேன். இடைஞ்சலாக இருக்கிறது என்றுதான் நினைத்துக்கொண்டு வைத்தேன், வேண்டுமென்று அல்ல. அவள் தானே போய்த் தூக்கிக்கொண்டு வந்து, மேசையில், எல்லோருக்கும் நடுவில் போட்டாள்.

டேனியலோடு வந்த அவன் அம்மா பெயர் ஜூன், அப்பா கெவின். இரண்டு பேரும் ஆறடிக்குக் குறையாது. கெவின் கை குலுக்கியபோது என் கை அவருடைய கைக்குள் காணாமல் போயிற்று. தங்கள் மாடுகளின் பாலும் இந்தப் பட்டரில் இருக்கலாம் என்று சொல்லிச் சிரித்தார். வாசலில் சப்பாத்தைக் கழற்றினார்கள், வந்து உட்கார்ந்தார்கள். செல்வியும் உட்கார்ந்தாள். நான் பலகையைக் கொண்டுவந்து நடுவில் வைத்தேன், ரொட்டியை வைத்தேன், இரண்டு எட்டு பின்னால் போனேன். சத்தியமாகச் சொல்கிறேன், போக வேண்டும் என்று நினைத்துப் போகவில்லை. கால் தானாகப் போயிற்று.

யாரும் சாப்பிடவில்லை.

ஜூன் பலகையைப் பார்த்து எவ்வளவு அழகு என்றார். கெவின் தொண்டையைச் செருமினார். கைகள் மடியிலேயே இருந்தன. பலகையிலிருந்து எடுத்துச் சாப்பிடக் கூசுகிறார்கள் போலிருக்கிறது, அல்லது மிளகாயைப் பார்த்துப் பயந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். "ப்ளீஸ், ப்ளீஸ்" என்றேன். நீங்களும் உட்காருங்கள் என்றார் கெவின். நீங்கள் ஆரம்பியுங்கள், நான் பிறகு என்றேன். நம் ஊரில் மூன்று தடவை சொன்னால் விருந்தாளி கை வைத்துவிடுவார். நான் ஐந்து தடவை சொல்லிவிட்டேன். ஹீட்டர் பக்கம் இருந்த பட்டர் ஓரம் மினுமினுத்து இளக ஆரம்பித்தது. பாணி மெதுவாகக் கட்டச்சம்பல் பக்கம் நகர்ந்தது.

"ஏங்க" என்றாள் செல்வி தமிழில், சிரித்த முகத்தை மாற்றாமல். "நீங்க ஒக்காந்தா மேச ஒடஞ்சா போயிரும்?"

ஜூனுக்கு விஷயம் விளங்கிவிட்டது போல. மெதுவாகச் சொன்னார். அவர்கள் பண்ணையில் ஒவ்வொருவரும் பால் கறந்துவிட்டு ஒவ்வொரு நேரத்துக்கு வருவார்களாம். அதனால் கெவினின் அம்மா ஒரு சட்டம் போட்டாராம். கடைசி ஆள் உட்காரும்வரை யாரும் சாப்பாட்டில் கை வைக்கக் கூடாது. கல்யாணமான புதிதில், சாணி ஒட்டிய சப்பாத்தைக் கழுவிவிட்டு ஜூன் வருவதற்காக வீடே அரை மணி நேரம் பட்டினியாகக் காத்திருந்ததாம். அந்தப் பழக்கம் இன்னும் விடவில்லை, மன்னிக்க வேண்டும் என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் நிற்பதால் வீட்டுக்கு வந்தவர்கள் பசியோடு இருக்கிறார்கள். அவர்கள் வயிறு நிறைய வேண்டுமென்றால் நான் உட்கார்ந்தாக வேண்டும். அப்பா இதற்கு ஒரு வழியும் சொல்லித் தரவில்லை. அவர் நின்ற மேசைகளில் யாரும் அவருக்காகக் காத்திருந்ததில்லை.

நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன். முழு நாற்காலியில். மேசை உயரத்திலிருந்து பார்த்தால் எல்லோருடைய முகமும் வேறு மாதிரித் தெரிகிறது, அதுவும் புதிதுதான். கையைத் தூக்கினேன்.

இன்னும் யாரும் சாப்பிடவில்லை. ஜூன் என் தலைக்கு மேலாக, பின்னால் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பினேன். தண்ணீர் எடுக்கச் சமையலறைக்குப் போன மேனகா திரும்பி வந்து நின்றுகொண்டிருந்தாள். இரண்டு கையாலும் தண்ணீர்க் குவளையைப் பிடித்துக்கொண்டு, சுவரில் முதுகு படாமல். இடது தோளில் சமையலறைத் துணி, மடித்து. தோளில் துணி போடச் சொல்லி அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அவள் தன் தாத்தாவைப் பார்த்ததுகூட இல்லை. பார்த்ததெல்லாம் என்னைத்தான்.

"மேனகா, ஒக்காரு தாயி" என்றேன்.

"நீங்க எல்லாரும் ஆரம்பிங்கப்பா, நான் பெறகு…"

சொல்லி முடிக்கவில்லை. அவள் காதில் அவள் குரலே விழுந்துவிட்டது. தோளைத் தொட்டுப் பார்த்தாள். துணி கையில் வந்தது. செல்விதான் முதலில் வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு மேனகா, சிரிப்பும் அழுகையுமாக. டேனியல் எழுந்துபோய்க் குவளையை வாங்கிக்கொண்டான். அவள் வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

அதற்குப் பிறகு ஆறு கையும் ஒன்றாக இறங்கிற்று. அரை மணி நேரம் மெனக்கெட்டு நான் போட்ட மேடு பள்ளமெல்லாம் ஒரு நிமிடத்தில் போயிற்று. கெவின் கட்டச்சம்பல் பக்கம் ஆழமாக இழுத்துச் சாப்பிட்டுவிட்டு, முகம் சிவந்து, தண்ணீர் குடித்து, மறுபடியும் அதே பக்கம் இழுத்தார். ஜூன் தேங்காய் ரொட்டிக்குச் செய்முறை கேட்டார். நான் நிறையச் சாப்பிட்டேன். சூடான ரொட்டியை உட்கார்ந்து சாப்பிட்டால் இவ்வளவு போகும் என்று எனக்குத் தெரியாது.

கிளம்பும்போது மேனகா வாசலில் சப்பாத்தை மாட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல், கேட்டாள்.

"அடுத்த மாசம் டேனியலோட அக்கா வருது. இங்க கூட்டிட்டு வரவாப்பா?"

"கூட்டிட்டு வா" என்றேன்.

மறுநாள் வேலை முடிந்ததும் நேராகப் போய் ஒரு நாற்காலி வாங்கினேன். வீட்டில் ஆறு இருக்கிறது, டேனியலின் அக்காவோடு நாங்கள் ஏழு பேர். இந்தத் தடவை என்னையும் சேர்த்துத்தான் எண்ணினேன்.